தொழில்நுட்பச் செய்திக்குக் கருத்துச் சொல்வது எப்படி?

ஒரு பெரிய நிறுவனம் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றுகிறது. ஓர் அரசு இணையத்துக்குப் புதிய சட்டம் கொண்டுவருகிறது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு சமூக ஊடகம் ஒரே மனிதரின் கைக்குப் போகிறது. இத்தகைய செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் நம்மில் பலருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து உருவாகிவிடுகிறது. அதில் பெரும்பாலும் கோபமும் கலந்திருக்கிறது. அந்தக் கோபம் பல சமயங்களில் நியாயமானது என்பதையும், நிறுவனங்களையும் அரசுகளையும் பின்வாங்க வைத்தது அத்தகைய எதிர்ப்புதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சொல்லப்படும் கருத்துகளில் பெரும்பகுதி "இந்த நிறுவனம் நல்லதா, கெட்டதா" என்ற கேள்வியைச் சுற்றியே நின்றுவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் உள்நோக்கம் வெளியில் இருக்கும் நமக்குத் தெரியாது. தெரிந்தாலும், தலைமை மாறும்போது அதுவும் மாறிவிடும். இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன அதிகாரம் புதிதாகச் சேர்கிறது, அதை யார் எப்படித் திரும்பப் பெற முடியும் என்ற கேள்விக்கோ ஆவணங்களிலேயே பதில் இருக்கிறது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இங்கே நான் சொல்லவிருக்கும் வழிமுறையின் அடிப்படை.

செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

படித்த செய்தி அறிவிப்பா, நடைமுறைக்கு வந்துவிட்ட மாற்றமா, மசோதாவா, நிறைவேறிய சட்டமா, வழக்கில் ஒரு தரப்பு வைத்த குற்றச்சாட்டா, நீதிமன்றத்தின் தீர்ப்பா என்பதைப் பிரித்துக்கொள்வது முதல் வேலை. தலைப்புகள் இவற்றை வேறுபடுத்துவதில்லை. "கூகுள் நிறுத்துகிறது" என்ற தலைப்பு, கூகுள் நிறுத்தப்போவதாகச் சொல்லியிருக்கிறது என்பதையும் குறிக்கும், உண்மையிலேயே நிறுத்திவிட்டது என்பதையும் குறிக்கும். நாம் பார்க்கும் தளம் அல்லாத பிறர் நம்மைப் பின்தொடர உலாவியில் வைக்கும் சிறு கோப்புகளான மூன்றாம் தரப்பு குக்கீகளுக்குக் குரோமில் இடமிருக்காது, இரண்டு ஆண்டுகளுக்குள் அவை நீக்கப்படும் என்று கூகுள் அறிவித்தது 2020 ஜனவரியில். அதன் பின் அந்தக் காலக்கெடு ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போனது. 2024 ஜூலையில், அவற்றை முழுவதுமாக நீக்கும் திட்டமே கைவிடப்பட்டது. முதல் அறிவிப்பை வைத்து "இணைய விளம்பர உலகம் முடிந்தது" என்று எழுதியவர்களும், "தனியுரிமைக்கு வெற்றி" என்று எழுதியவர்களும், நடக்காத ஒன்றைப் பற்றியே எழுதினார்கள். அறிவிப்பைப் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "அறிவித்திருக்கிறது" என்ற வினைச்சொல்லை உங்கள் முதல் வாக்கியத்தில் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

சட்டங்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி 2016 ஏப்ரலில் நிறைவேறியது, 2018 மே 25 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதே ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தாலும், அதன் தடைகளில் முதல் தொகுதி பொருந்தத் தொடங்கியது 2025 பிப்ரவரி 2 முதல்தான். மற்றவை அதற்கும் பின்னால் படிப்படியாக வருமாறு அமைக்கப்பட்டன. ஒரு சட்டத்தைப் பற்றி எழுதும்போது எந்தப் பிரிவு எந்த நாளிலிருந்து யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பாராட்டுவதும் வீண், பழிப்பதும் வீண்.

தீர்ப்புகளில் "யார் வென்றார்" என்று கணக்குப் போடுவது பொதுவாக நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. விளையாட்டுச் செயலிகளை உருவாக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் ஆப்பிளுக்குச் சாதகமாக இருந்தது. அதை ஆப்பிளின் வெற்றி என்று எழுதியவர்கள் எண்ணிக்கையில் தவறவில்லை. ஆனால் எஞ்சிய அந்த ஒன்றில், செயலியை உருவாக்குகிறவர்கள் ஆப்பிளின் கட்டண வழிக்கு வெளியே வேறு வழி உண்டு என்று பயனர்களிடம் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அந்த ஆணையை ஆப்பிள் வேண்டுமென்றே மீறியது என்று 2025 ஏப்ரலில் அதே நீதிபதி முடிவு செய்தார். எபிக் தோற்ற ஒன்பதைவிட அது வென்ற ஒன்றே நீண்ட நாள் பேசப்பட்டது. ஆகவே தீர்ப்பின் கடைசிப் பகுதிக்குச் சென்று, யார் என்ன செய்ய வேண்டும் என்று ஆணையிடப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுக் கருத்து எழுதுங்கள். நீதிபதிகளோ ஆணைய உறுப்பினர்களோ ஒருமித்து முடிவெடுக்காத வழக்குகளில், மாறுபட்டவர்கள் எழுதிய குறிப்பையும் தேடிப் படியுங்கள். முடிவின் பலவீனமான இடங்களை அதைவிடத் தெளிவாக வேறு எங்கும் காண்பது அரிது.

மாறிய வரியைத் தேடுங்கள்

பயன்பாட்டு விதிமுறைகள் நீளமானவை. அவற்றை முதலிலிருந்து கடைசிவரை படிக்க எவருக்கும் நேரமில்லை. ஆனால் கருத்துச் சொல்வதற்கு முழு ஆவணமும் தேவையில்லை, மாறிய வரிகள் போதும். இணைய ஆவணக் காப்பகங்களில் பழைய பதிப்பு பெரும்பாலும் கிடைக்கும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, நீக்கப்பட்டவை எவை, சேர்க்கப்பட்டவை எவை என்று பாருங்கள். இரண்டில், நீக்கப்பட்டதுதான் பலர் கண்ணில் படாமல் போகிறது. வந்து சேர்ந்த வாக்கியத்தைச் செய்தியாளர் மேற்கோள் காட்டுவார். காணாமல்போன வாக்கியத்தை யாரும் மேற்கோள் காட்ட முடியாது.

வாட்ஸ்அப்பின் கதை இதற்கு மிகப் பொருத்தமான பாடம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2021 ஜனவரித் தொடக்கத்தில் வாட்ஸ்அப் தன் பயனர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது: புதிய கொள்கையைப் பிப்ரவரி 8-க்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் உரையாடல்களை எல்லாம் ஃபேஸ்புக் இனிப் படிக்கப்போகிறது என்ற செய்தி பரவியது. லட்சக்கணக்கானோர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் மாறினார்கள். நிறுவனம் காலக்கெடுவை மே 15-க்குத் தள்ளியது. ஆனால் தனிமனிதர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளின் மறையாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்க முடியும் என்ற பாதுகாப்பு, அந்த மாற்றத்தால் விலகவில்லை. புதிய கொள்கை முதன்மையாகப் பேசியது வணிக நிறுவனங்களுடன் நாம் நடத்தும் உரையாடல்களைப் பற்றி; அவற்றைச் சேமித்து நிர்வகிக்க அந்த வணிகங்கள் ஃபேஸ்புக்கின் சேவையைப் பயன்படுத்தலாம் என்பதைப் பற்றி.

அப்படியென்றால் மக்களின் அச்சம் பொய்யா? இல்லை, அது ஐந்தாண்டு தாமதமாக வந்தது. 2014-இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியபோது, இரு சேவைகளின் கணக்குகளையும் தானாக, நம்பகமாகப் பொருத்திப் பார்க்க இயலாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொல்லியிருந்தது. 2016 ஆகஸ்டில் கொள்கை மாறியது. பயனர்களின் தொலைபேசி எண் உள்ளிட்ட கணக்குத் தகவல்களை ஃபேஸ்புக்குடன் பகிர வழி திறந்தது. விளம்பரத்துக்காக அந்தத் தகவல் பயன்படுவதை மறுக்க அப்போதிருந்த பயனர்களுக்கு 30 நாள் அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. 2017 மே மாதத்தில், கணக்குகளைப் பொருத்தும் தொழில்நுட்ப வாய்ப்பு 2014-லேயே இருந்தது, அது நிறுவனத்தின் ஊழியர்களுக்குத் தெரிந்தும் இருந்தது என்று முடிவு செய்த ஐரோப்பிய ஆணையம், தவறான தகவல் தந்ததற்காக 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதிகாரம் கைமாறியது 2016-இல். கொந்தளிப்பு எழுந்தது 2021-இல். மாறிய வரியை 2016-லேயே படித்து, "உங்களுக்கு 30 நாள் இருக்கிறது, இந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்" என்று எழுதிய ஒருவரின் ஒரு பத்தி, 2021-இல் எழுதப்பட்ட ஆயிரம் பத்திகளைவிடப் பயன் தந்திருக்கும்.

மாறிய வரி கிடைத்த பின் அதில் கவனிக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. "செய்கிறோம்" என்பதற்கும் "செய்யலாம்" என்பதற்கும் இடையிலான வேறுபாட்டில், நிறுவனங்கள் தஞ்சம் புகுவது "செய்யலாம்" என்பதில்தான். இன்று செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே நாளை செய்யும் உரிமையை அது காப்பாற்றித் தருகிறது. "நிரந்தரமான", "திரும்பப் பெற முடியாத", "பிறருக்கு மாற்றித் தரத்தக்க" ஆகிய அடைமொழிகள் வந்தால் அங்கே நின்று படியுங்கள். "உங்கள் ஒப்புதலுடன்" என்று இருந்தால், ஒப்புதல் தருகிறவர் யார் என்று கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை 2023 ஆகஸ்டில் காணொலிக் கூட்டச் சேவையான ஜூம் நிறுவனத்தின் விதிமுறைகள் சர்ச்சையானபோது காண முடிந்தது. வாடிக்கையாளரின் உள்ளடக்கத்தைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு நிரந்தரமான, உலகளாவிய உரிமம் தரும் பிரிவில், அந்தப் பயன்பாடுகளின் பட்டியலில் இயந்திரக் கற்றலும் செயற்கை நுண்ணறிவும் இடம்பெற்றிருந்தன. எதிர்ப்பு எழுந்ததும், வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் ஒலி, காணொலி, அரட்டை ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற ஒரு வாக்கியத்தை நிறுவனம் சேர்த்தது. பலர் அதோடு அமைதியடைந்தார்கள். ஆனால் ஒரு கூட்டத்தில் வாடிக்கையாளர் என்பவர் கணக்கு வைத்திருப்பவர். அதில் வந்து பேசுகிறவர்கள் எல்லோரும் வாடிக்கையாளர்கள் அல்லர். கூட்டத்தைக் கூட்டியவர் செயற்கை நுண்ணறிவு வசதியை இயக்கிவிட்டால் மற்றவர்களுக்கு எஞ்சியிருந்தது ஏற்றுக்கொள்வது அல்லது வெளியேறுவது. மேலதிகாரி கூட்டிய கூட்டத்திலிருந்து ஓர் ஊழியர் வெளியேறுவது எளிதல்ல. இதைச் சுட்டிக்காட்டிய விமர்சனங்கள் தொடர்ந்தன. சில நாள்களில் நிறுவனம் மீண்டும் திருத்தி, பயனர்களின் ஒலி, காணொலி, அரட்டை முதலியவற்றைத் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கோ பிறர் மாதிரிகளுக்கோ பயிற்சியளிக்கப் பயன்படுத்துவதில்லை என்று எழுதியது. முதல் திருத்தத்தோடு எல்லோரும் நின்றிருந்தால் இரண்டாவது திருத்தம் வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

நோக்கத்தை ஒதுக்கிவிட்டு அதிகாரத்தை எடைபோடுங்கள்

2021 ஆகஸ்டில் ஆப்பிள் அறிவித்த ஒரு திட்டம் இந்த முறைக்குக் கடினமான சோதனை. ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடுக்கு ஏற்றப்படவிருக்கும் படங்களை, குழந்தைகள்மீதான பாலியல் வன்கொடுமையைச் சித்திரிக்கும் படங்களின் எண்ம அடையாளங்களோடு தொலைபேசியிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தத் திட்டம். நோக்கத்தைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. நோக்கத்தை மட்டும் பார்த்தவர்களால் அதை எதிர்க்கவே முடியவில்லை, எதிர்த்தவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கவும் செய்தார்கள். ஆனால் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலர் வைத்த வாதம் வேறு: ஒருவரின் கருவியிலேயே அவருடைய படங்களை ஒரு பட்டியலோடு ஒப்பிடும் பொறி ஒருமுறை அமைந்துவிட்டால், அந்தப் பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதை நாளை ஓர் அரசு கட்டாயப்படுத்தலாம். அப்படிக் கேட்டால் மறுப்போம் என்று ஆப்பிள் பதிலளித்தது. அது ஒரு வாக்குறுதி; பொறியோ ஓர் உண்மைப் பொருள். திட்டம் அடுத்த மாதமே தள்ளிவைக்கப்பட்டது, 2022 டிசம்பரில் கைவிடப்பட்டது. ஆப்பிளின் நல்லெண்ணத்தை ஒரு சொல்லாலும் குறைகூறாமல் அதன் திட்டத்தை முழுமையாக மறுக்க முடிந்த அந்த வாதத்தை, கருத்து எழுத விரும்பும் ஒவ்வொருவரும் பயில வேண்டும்.

அதிகாரத்தை எடைபோடும்போது, அது பின்னோக்கிச் செல்கிறதா என்று தனியாகப் பாருங்கள். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி, 2023 செப்டம்பர் 12 அன்று, குறிப்பிட்ட வருவாயும் நிறுவல் எண்ணிக்கையும் கடந்த விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு புதிய நிறுவலுக்கும் கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்தது. ஏற்கெனவே வெளிவந்துவிட்ட விளையாட்டுகளும் அதில் அடங்கின. கட்டணம் அதிகமா குறைவா என்பதைப் பற்றிய வாதம் ஒருபுறம் நடந்தது. அதைவிட ஆழமான குறை, ஒரு விதிமுறையை நம்பி ஆண்டுக்கணக்கில் உழைத்து முடித்த வேலைக்கு இன்னொரு விதிமுறையைச் சுமத்த முடியும் என்று நிறுவனம் கருதியதுதான். பத்து நாள்களில் யூனிட்டி இறங்கிவந்து, அடுத்த பதிப்பிலிருந்து உருவாகும் விளையாட்டுகளுக்கு மட்டுமே கட்டணம் என்று திருத்தியது. ஓராண்டு கழித்து அந்தக் கட்டணத்தையே நீக்கியது. அதன் பின்னும் சில உருவாக்குநர்கள் திரும்பி வரவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. கட்டணம் போய்விட்டாலும், அப்படி ஒன்றைச் செய்யத் துணிந்தார்கள் என்ற அறிவு அவர்களிடம் தங்கிவிட்டது.

அரசியல் கலந்த செய்திகளில் ஆளை மாற்றிப் பாருங்கள்

உங்களுக்குப் பிடித்த கட்சியோ தலைவரோ சம்பந்தப்பட்ட செய்தியில் கருத்து எழுதும் முன், அதே செயலை நீங்கள் முழுமையாக எதிர்க்கும் ஒருவர் செய்ததாக நினைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். வாதம் அப்படியே நின்றால் வெளியிடுங்கள். நிற்காவிட்டால், உங்களிடம் இருப்பது அந்த விதியைப் பற்றிய கருத்தன்று, அந்த ஆளைப் பற்றிய கருத்து. ஆளைப் பற்றி எழுதுவதும் உங்கள் உரிமைதான். ஆனால் அதை விதியைப் பற்றிய வாதமாக உடுத்திக்காட்ட வேண்டாம்.

2021 ஜனவரி 8 அன்று ட்விட்டர் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப்பின் கணக்கை நிரந்தரமாக முடக்கியது. தனியார் நிறுவனம் தன் விதியை அமல்படுத்துகிறது, அதில் என்ன தவறு என்றார்கள் ஒரு தரப்பினர். இது தணிக்கை என்றார்கள் மறு தரப்பினர். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கினார். அடுத்த மாதம் அந்தக் கணக்கு திரும்பி வந்தது. டிசம்பரில் சில செய்தியாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. வாதங்கள் அப்படியே இடம் மாறின: முன்பு தணிக்கை என்றவர்களில் பலர் உரிமையாளரின் உரிமை என்றார்கள், முன்பு உரிமையாளரின் உரிமை என்றவர்களில் பலர் தணிக்கை என்றார்கள். யாருடைய குரலை அணைப்பது என்று ஒரு நிறுவனத்தின் தலைமை தீர்மானிக்கும் அந்த அதிகாரம் மட்டும் இரு காலத்திலும் அப்படியே இருந்தது. 2021-இல், டிரம்ப்பை எந்த வகையிலும் ஆதரிக்காத ஜெர்மனியின் அப்போதைய பிரதமர் ஏஞ்சலா மெர்கல், தம் செய்தித் தொடர்பாளர் வழியாக, அந்த முடக்கம் சிக்கலானது என்றும், கருத்துரிமையின் எல்லையை வகுக்க வேண்டியது சட்டமே அன்றி நிறுவன நிர்வாகம் அல்ல என்றும் சொன்னார். அவரோடு உடன்படலாம், மாறுபடலாம். ஆனால் 2022-இல் அந்த நிலைப்பாட்டில் ஒரு சொல்லைக்கூட அவர் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

எண்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பெரிய தொகையைக் கண்டதும் மலைக்க வேண்டாம். அதை அந்த நிறுவனத்தின் ஆண்டு வருவாயோடு வைத்துப் பாருங்கள். 2019 ஜூலையில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு விதித்த அபராதம் 500 கோடி டாலர். வரலாறு காணாதது என்று தலைப்புகள் வந்தன, அது உண்மையும்கூட. முந்தைய ஆண்டு ஃபேஸ்புக்கின் வருவாய் ஏறக்குறைய 5,580 கோடி டாலர், அதாவது அபராதம் சற்றேறக்குறைய ஒரு மாத வருவாய். அந்த ஆணையத்தின் ஐவரில் இருவர் அந்த உடன்பாட்டை எதிர்த்து வாக்களித்தார்கள். "ஆண்டு வருவாயில் 4 விழுக்காடு வரை" என்பது போன்ற சட்ட வரம்புகளையும் இப்படியே பாருங்கள்; அது உச்சவரம்பு, அவ்வளவு விதிக்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை.

எழுதும்போது

இவ்வளவும் பார்த்த பின் எழுதுவது கடினமல்ல. பொதுவான வசையிலிருந்து குறிப்பான குற்றச்சாட்டுக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் நகர்த்துங்கள். "இந்த நிறுவனத்துக்கு மக்களைப் பற்றிக் கவலையே இல்லை, பணம் மட்டும்தான் குறி" என்ற வாக்கியத்தை எந்த நிறுவனத்தின் பெயருக்கும் கீழே எழுதலாம். அதனாலேயே அது எதையும் சொல்லவில்லை. "பழைய விதியில் பயனர் கணக்கை நீக்கினால் 30 நாளில் தரவு அழிக்கப்படும் என்று இருந்தது, புதிய விதியில் அந்தக் கால வரம்பு இல்லை, எனவே கணக்கை நீக்கியவரின் தரவை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருக்க நிறுவனத்துக்கு இடமிருக்கிறது, கால வரம்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும்" என்பது போல எழுதினால், அந்த நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். முன்பு இருந்தது, இப்போது இருப்பது, அதன் விளைவு, நீங்கள் கேட்பது ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. கோரிக்கை இல்லாத கோபத்தை எந்த நிறுவனமும் சில நாள் பொறுத்துக்கொண்டு கடந்துவிடும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை உங்கள் சொற்களில் எழுதி, அதற்குப் பதில் சொல்லுங்கள். மிக பலவீனமான வாதத்தைப் பிடித்துக்கொண்டு வெல்வது எளிது. படிக்கிறவர் அதைக் கண்டுகொள்வார். அந்த நிறுவனத்திலோ அதன் போட்டி நிறுவனத்திலோ நீங்கள் வேலை செய்தால், அதன் பங்குகளை வைத்திருந்தால், அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எது நடந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். புதிய விதி நடைமுறைக்கு வரும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து, அன்று நீங்கள் சொன்னது நடந்ததா என்று பார்த்து, நடக்காவிட்டால் பழைய கருத்தை அழிக்காமல் அதன் கீழேயே தேதியிட்டுத் திருத்தம் சேருங்கள்.

கேட்கிறவரிடம் கொண்டுசேர்ப்பது

பல நாடுகளில் ஒழுங்குமுறை ஆணையங்கள் விதி செய்யும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கின்றன. இந்தக் கட்டத்தில் எழுதும் ஒரு பக்கத்துக்கு இருக்கும் எடை, சட்டம் வந்த பின் எழுதும் எதற்கும் இருப்பதில்லை. ஆனால் இங்கே எண்ணிக்கை பேசாது, பதில்தான் பேசும். இந்தியாவில் 2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையத்தில் வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு வெவ்வேறு கட்டணம் விதிக்கலாமா என்பது பற்றி நான்கு கேள்விகள் அடங்கிய ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. தேர்ந்தெடுத்த சில இணையச் சேவைகளை மட்டும் கட்டணமின்றித் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தைக் காப்பாற்ற ஃபேஸ்புக், ஒரே வாசகம் கொண்ட ஆதரவுக் கடிதங்களைத் தன் பயனர்கள் வழியாக லட்சக்கணக்கில் அனுப்ப வைத்தது. தான் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கடிதங்கள் பதில் சொல்லவில்லை என்று டிராய் வெளிப்படையாகச் சொன்னது. 2016 பிப்ரவரி 8 அன்று அத்தகைய பாகுபாடான கட்டணத்தைத் தடை செய்தது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. 2017-இல் இணையச் சமநிலை விதிகளை, அதாவது இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் எல்லா உள்ளடக்கத்தையும் சமமாக நடத்த வேண்டும் என்ற விதிகளை, நீக்குவது பற்றிக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 2.2 கோடிக்கு மேற்பட்ட கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய 1.8 கோடி போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2021 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டார். விதிகளை நீக்கக் கோரி அகலப்பட்டை இணைய நிறுவனங்களின் பணத்தில் நடந்த இயக்கம் 85 லட்சம் போலிக் கருத்துகளை உருவாக்கியிருந்தது. விதிகளை ஆதரித்து 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மட்டும் 77 லட்சம் போலிக் கருத்துகளை அனுப்பியிருந்தார். இரு பக்கமும் நடந்த இந்தச் செயல், உண்மையாக உட்கார்ந்து எழுதிய மனிதர்களின் குரலைப் புதைத்துவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மிகுகிறது.

எனவே யாரோ எழுதிக் கொடுத்த வாசகத்தை அப்படியே அனுப்ப வேண்டாம். அறிக்கையின் கேள்வி எண்ணைத் தலைப்பாக இட்டு, அந்தக் கேள்விக்கு முதல் வரியிலேயே ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு, அதன் கீழே காரணத்தை எழுதுங்கள். நீங்கள் எதிர்க்கும் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு, அதற்குப் பதிலாக எந்தச் சொற்கள் இருக்க வேண்டும் என்று மாற்று வாசகத்தையே எழுதிக் கொடுங்கள். வரைவைத் திருத்தும் அதிகாரிக்கு உதவுவது அதுதான். உங்கள் தொழிலோ படிப்போ அந்தக் கேள்வியோடு தொடர்புடையது என்றால் அதை ஒரு வரியில் சொல்லுங்கள். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நன்றாகத் தெரிந்த ஒன்றிரண்டுக்கு எழுதினால் போதும். கடைசி நாளுக்கு முன்பே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைச் சேமித்துவையுங்கள். பல ஆணையங்கள் மற்றவர்களின் கருத்துகளுக்கு மறுப்பு எழுத இரண்டாவது ஒரு காலக்கெடுவும் தருகின்றன. நிறுவனங்கள் தாக்கல் செய்த பதில்கள் அப்போது வெளியாகியிருக்கும், அவற்றைப் படித்து அந்தச் சுற்றிலும் எழுதுங்கள்.